எம்பிஏ ரெக்கமெண்டேஷன் லெட்டர்: "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடுறேன்" என்று பாஸ் சொன்னால்?

எஜுகேஷன் லோன் வீடியோ பார்த்துட்டு நிறைய பேர் கேட்ட கேள்வி: "வெளிநாட்டு எம்பிஏ-வுக்கு ரெக்கமெண்டேஷன் லெட்டர் யார்கிட்ட வாங்கணும், எப்படி வாங்கணும்?" கேட் எழுதி ஐஐஎம் போறவங்களுக்குப் பொதுவா இது தேவைப்படாது. அதனால நம்ம ஊர்ல பலருக்கு இது புதுசு. லெட்டர் கொடுத்தவன் என்ற முறையில் என் அனுபவத்தையே சொல்றேன்.

என்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சு, மூணு வருஷம் வேலையும் பார்த்த ஒரு தம்பி அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணினார். "சார், உங்களுக்கு டைம் இருக்காது. நானே டைப் பண்ணிட்டேன், நீங்க ஓகே சொன்னா போதும்" என்றார். படிச்சேன். கடின உழைப்பாளி, நேர்மையானவர், தலைமைப் பண்பு உள்ளவர்... ஒரு வரிகூட பொய் இல்லை. ஆனா பேரை மாத்தினா என் ஆபீஸ்ல யாருக்கு வேணும்னாலும் அந்த லெட்டர் பொருந்தும்!

நான் ஓகே சொல்லல. காரணம் ரெண்டு.

முதலாவது, விதி. காலேஜ் லிங்க் அனுப்புறது லெட்டர் கொடுப்பவரோட இமெயிலுக்கு. எழுத வேண்டியதும் அவர்தான். விண்ணப்பிப்பவரே எழுதினது தெரிஞ்சா, பல லட்சம் லோன் போட்டு கிடைச்ச சீட்டே போகலாம்.

இரண்டாவது, கேள்விகள். ஜிமேட் நடத்துற ஜிமேக் அமைப்பின் பொதுப் படிவத்தைப் பல காலேஜ்கள் பயன்படுத்துறாங்க. அதுல முக்கியமா ரெண்டு கேள்வி. இதே மாதிரி வேலையில் இருக்கும் மற்ற திறமைசாலிகளோட ஒப்பிட்டா இவர் எப்படி? நீங்க இவருக்குச் சொன்ன முக்கியமான திருத்தம் என்ன, அதை எப்படி எடுத்துக்கிட்டார்?

ரெண்டாவது கேள்விக்கு "இவரிடம் குறையே இல்லை"ன்னு எழுதினா லெட்டர் வீண். நான் எழுதினது இதுதான்: ஒரு கிளையண்டின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை ஜிஎஸ்டிஆர்-2பி-யோட சரிபார்க்காமலே இன்புட் டாக்ஸ் கிரெடிட் எடுத்துட்டார். சப்ளையர் சிலர் ரிட்டர்னே போடல. கிளையண்ட் வட்டியோட கட்ட வேண்டியதாச்சு. கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த மாசமே ஒரு எக்ஸெல் ஷீட் தயார் பண்ணார். 14-ம் தேதி 2பி வந்ததும், அதுல வராத பில்லுக்கெல்லாம் சப்ளையருக்கு போன் போகும். இன்னைக்கும் எங்க ஆபீஸ்ல அந்த ஷீட்தான் ஓடுது.

சரி, நீங்க செய்ய வேண்டியது என்ன?

1. பதவியைப் பார்க்காதீங்க, உங்க வேலையைப் பார்த்தவரைப் பாருங்க. ஸ்டான்ஃபோர்டு கேட்கிற ரெண்டுல ஒண்ணு நேரடி மேலதிகாரியிடமிருந்து. ஒரு தடவை கை குலுக்கின சேர்மனைவிட உங்க டீம் லீடர் மேல்.

2. இப்போதைய பாஸிடம் சொல்ல முடியலையா? முன்னாள் பாஸ், கூட வேலை செய்த கிளையண்ட் சரி. குடும்பத் தொழில்னா அப்பா, மாமா வேண்டாம்.

3. "எனக்கு நல்ல லெட்டர் கொடுக்க உங்களால முடியுமா?"ன்னு நேரடியா கேளுங்க. தயங்கினா விட்டுடுங்க.

4. டிராஃப்ட் கொடுக்காதீங்க, குறிப்பு கொடுங்க. செய்த வேலைகள், அதன் எண்கள், சறுக்கின இடம் எல்லாம் ஒரே பக்கத்தில்.

5. முதல் ரவுண்டு பெரும்பாலும் செப்டம்பரில், இரண்டாவது ஜனவரியில். ரெண்டு மாசம் முன்னாடியே கேளுங்க. பாஸ் ஆடிட்டரா இருந்தா செப்டம்பர்ல பக்கத்துலயே போகாதீங்க, 30-ம் தேதி டாக்ஸ் ஆடிட்!

"நீயே எழுதிட்டு வா"ன்னு பாஸ் சொன்னா, "எழுதறது விதிப்படி தப்பு சார், அரை மணி நேரம் பேசலாமா?"ன்னு கேட்டு அந்தக் குறிப்பை நீட்டுங்க. பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

தம்பிக்கு சீட் கிடைச்சுது. என் லெட்டராலதான்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்டர்வியூவில் தன் தவறு எதையாவது சொல்லச் சொன்னாங்களாம். தயங்காம அந்த ஜிஎஸ்டி கதையையே சொல்லியிருக்கார்.

லோன் கணக்கை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.