வெள்ளாற்றங்கரை வித்தை

பரங்கிப்பேட்டை என்றதும், சரித்திரம் வாசித்தவர்களுக்கு 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று ஹைதர் அலிக்கும் ஸர் அயர் கூட்டுக்கும் இங்கே நடந்த பெரும் போர் ஞாபகத்துக்கு வரும். ஆனால் விஞ்ஞான உலகில் இவ்வூருக்கு ஏற்பட்டிருக்கும் கீர்த்தி பீரங்கியால் வந்ததன்று. மீனாலும் நண்டாலும் இறாலாலும் வந்ததாகும்.

சிதம்பரத்தில் 1929-ல் தோன்றிய அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் ஸ்தாபனம், வெள்ளாறு சமுத்திரத்தில் சங்கமமாகும் இவ்வூரில் அமைந்திருக்கிறது. பேராசிரியர் ஆர். வி. சேஷையா போன்றவர்களின் உழைப்பால் வளர்ந்த இதனை, 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு உயர் ஆராய்ச்சி மையமாக அங்கீகரித்தது. பட்டதாரிகள் இங்கே வந்து எம்.எஸ்ஸி. வாசிக்கிறார்கள், அதற்கு மேலும் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

"மீனைப் பற்றிப் படிக்கப் போகிறேன்" என்று நம் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ சொன்னால் என்ன நடக்கும்? "வலை வீசுவதற்கா இத்தனை படிப்பு?" என்று பாட்டி கேட்பாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் வெள்ளாற்றிலேயே இருக்கிறது.

வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் பல உருமாற்றங்களை அடைந்து, சில வாரங்களில் அலையேற்றத்தோடு கழிமுகத்துக்குள் புகுகின்றன. அங்கே சில மாதம் இரை தின்று வளர்ந்த பிறகு, இனம் பெருக்க மீண்டும் கடலுக்கே திரும்புகின்றன. ஆகவே கழிமுகம் என்பது கடலுக்குத் தொட்டில். தெற்கே பிச்சாவரத்தில் வளர்ந்திருக்கும் அலையாத்திக் காடும் அத்தகைய தொட்டிலே. தொட்டிலைப் பாழாக்கிவிட்டுக் கடலிலே வலை வீசினால் என்ன கிடைக்கும்?

கடல் நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகினால், கழிமுகத்தில் அது வெகுவாய்க் குறைந்துவிடும். இம்மாறுதலை எந்தப் பிராணி தாங்கும், எது வெளியேறும் என்று மாதந்தோறும் நீரை முகந்து அளந்து, நுண்ணிய வலையில் அகப்பட்டதைப் பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்ப்பதே இங்குள்ள பாடம். பரீட்சைக்காக நெட்டுருப் போட்டு இதைக் கற்க முடியாது. சேற்றில் இறங்கத்தான் வேண்டும்.

இதனால் பயன் என்ன? தமிழ்நாட்டில் 2001 முதல் கோடையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. முன்பு 45 நாளாக இருந்த தடை இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிற சட்டம் இது. எந்த மீன் எப்போது சினைப்படுகிறது என்பதைச் சந்தேகமறக் கணக்கிட்டுச் சொல்ல ஆள் இல்லாவிடில், இத்தகைய சட்டத்தை எந்த நியாயத்தின் மேல் நிறுத்துவது?

ஒன்று மட்டும் சொல்வோம். காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் கண்டு மீன் இருக்குமிடம் அறியும் செம்படவர், பட்டினவர் முதலியோரின் அறிவும் விஞ்ஞானமே. அது ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் 2012-ல் மீன்வளத்துக்கென்றே தனிச் சர்வகலாசாலை ஏற்பட்டுவிட்டது. இக்கலாசாலைகளின் பெஞ்சுகளில் அக்ரகாரத்துப் பெண்ணும் கடைத்தெருப் பிள்ளையும் குப்பத்துக் குழந்தையும் அருகருகே அமர வேண்டும். 1,076 கிலோமீட்டர் கடற்கரையுடைய நாட்டில், மீன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் படிப்பு எப்படிப் பூரணமான படிப்பாகும்?