எந்தப் பக்கம் வலப்பக்கம்?

திருமயத்தில் ஒரே குன்றில் பெருமாள் நின்ற கோலத்திலும் இருக்கிறார், பள்ளிகொண்ட கோலத்திலும் இருக்கிறார். பெருமாள் சந்நிதியில் குழந்தையை நிறுத்தி, சக்கரம் எந்தக் கையில் என்று கேட்டால் தன் இடக்கைப் பக்கம் காட்டும். "அது சாமிக்கு வலது கை, கண்ணு" என்று திருத்த வேண்டியிருக்கும்.

மருத்துவக் கல்லூரியில் முதல் பாடமும் அதேதான். வலம் என்றால் பார்க்கிறவரின் வலம் அல்ல, பார்க்கப்படுகிற உடலின் வலம். 1907-இல் புதுக்கோட்டையிலிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போன முத்துலட்சுமி அம்மையாரும், இன்று புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியில் சேரும் பிள்ளைகளும் இந்த அரிச்சுவடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

உடற்கூற்றியலுக்கென்று ஒரு நின்ற கோலம் உண்டு. நிமிர்ந்த உடல், நேர்ப்பார்வை, முன்னோக்கிய பாதம், பக்கவாட்டில் தொங்கும் கைகள், உள்ளங்கை மட்டும் முன்னால் விரிந்திருக்கும். சமபங்கமாக நிற்கும் சிலைக்கு இரு கையும் வரத முத்திரை கொடுத்தால் எப்படியோ, அப்படி. உள்ளங்கை ஏன் விரிய வேண்டும்? வலது முழங்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஏந்திய உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாருங்கள். முழங்கை அசையாது, கட்டைவிரல் மட்டும் வெளியிலிருந்து உள்ளே வந்துவிடும். முன்கையில் ரேடியஸ் எலும்பு அல்னா எலும்பின் மேல் குறுக்காகப் புரள்கிறது. நினைத்தபோது பக்கம் மாறும் விரலுக்கு எந்தப் பக்கத்தின் பெயரை வைப்பது? அதனால்தான் கோலத்தை நிறுத்திவிட்டுப் பெயரிட்டார்கள். பள்ளிகொண்டாலும் தலைதான் மேல், மார்புதான் முன்.

சிற்பி முதலில் போடும் நடுக்கோட்டுக்குப் பிரம்மசூத்திரம் என்று பெயர். உடலை வலம் இடமாகப் பிரிக்கும் தளத்துக்கு மருத்துவர்கள் இலத்தீனில் அம்பின் பெயரை வைத்தார்கள். முன்னையும் பின்னையும் பிரிப்பது கிரீடத்தின் பெயரில் வரும். மூன்றாவது, வாழைத்தண்டை வில்லை போடுகிற வெட்டு. சி.டி. ஸ்கேன் படத்தில் அந்த வில்லையைக் கால்மாட்டிலிருந்து பார்ப்பதாகக் கணக்கு. ஆகவே வலப்பக்கக் கல்லீரல் நம் இடப்பக்கம் தெரியும், சந்நிதிச் சக்கரம் போலவே.

வெளியே பிரம்மசூத்திரத்துக்கு இருபுறமும் ஒன்றுபோல் வார்த்தவன், உள்ளே அந்த ஒழுங்கைத் தானே கலைத்திருக்கிறான். வலது நுரையீரலுக்கு மூன்று மடல். இடதுக்கு இரண்டு, இதயத்துக்கு இடம் விட வேண்டுமே. வலது மூச்சுக்குழல் அகலமாகவும் செங்குத்தாகவும் இறங்குகிறது. நிலக்கடலை விளையும் நம் ஊரில் இது ஏட்டுப்பாடம் இல்லை. குழந்தைக்குப் புரையேறிய பருப்பு பெரும்பாலும் வலப்பக்கம்தான் போய் அடைக்கும்.

இந்த வலம் இடத்தைக் கருவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தாய்க்கே சரியாகத் தெரியாத மூன்றாவது வாரத்தில், கருத்தட்டின் சிறு குழியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரே திசையில் சுழன்று, அங்குள்ள நீரை இடப்பக்கம் தள்ளுகின்றன. இதயம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற உத்தரவு அந்த ஓட்டத்தில் இருக்கிறது. பிறவியிலேயே அந்த மயிர்கள் அசையாத சிலர் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் இடத்தில், மீதிப் பேருக்கு வலத்தில். பூவா தலையா போட்டது போல.