படைப்புழு மருந்து: புழுவின் தசையில் நடப்பது என்ன?

மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு குளோரான்ட்ரனிலிப்ரோல் தெளித்தால், புழு தின்பதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். உடனே சாகாது, சுருங்கி, அசையாமல் கிடந்துதான் சாகும். புழு உயிரோடு தெரிகிறதே என்று மறுநாளே மறுபடி தெளிக்க வேண்டாம்.

தசைச் செல்லுக்குள் கால்சியத்தைச் சேமிக்கும் பை போன்ற அறை உண்டு. அதன் சவ்வில் மதகு போல அமைந்த புரதம்தான் ரையனோடின் ஏற்பி. ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் கூடி நடுவில் ஒரு வாயிலை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு துண்டிலும் சுமார் 5,000 அமினோ அமிலங்கள்! மதகு திறந்தால் கால்சியம் பாய்ந்து தசை சுருங்கும். மூடிய பின் தளரும். டையமைடு வகை மருந்து மதகை மூடவிடாது. பாலூட்டிகளின் ஏற்பி வேறுபட்டதால் மாடுகளுக்கு நச்சு மிகக் குறைவு. ஆனால் பட்டுப்புழுவும் புழுதான். மல்பெரித் தோட்டம் அருகில் இருந்தால் இந்த மருந்தைத் தவிர்க்கவும்.

முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், இந்தப் புரதத்தின் 4946-ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலம் வந்ததும் மருந்து பலனிழந்தது. பிலிப்பைன்ஸ், தாய்லாந்து பூச்சிகளில் இது கண்டறியப்பட்டது.

புளூபென்டையமைடு, சயன்ட்ரனிலிப்ரோல் இரண்டும் இதே மதகைத்தான் தாக்குகின்றன. அடுத்த தெளிப்புக்கு இவற்றை வாங்கினால் மருந்தை மாற்றியதாகாது. எமாமெக்டின் பென்சோயேட் அல்லது ஸ்பினிடோரம் வேறு வகை. கடையில் வாங்கும்போது விற்பனைப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிதாக அச்சிட்ட மருந்துப் பெயரைப் படியுங்கள்.