உருக்கின் பொறுமைக்கும் எல்லை உண்டு

இழுத்தால் நீண்டு, விட்டால் மீள்வது இறப்பருக்கு மட்டுமே உரிய குணம் என எம்மில் பலர் எண்ணுகின்றோம். உருக்கும் அவ்வாறே நீண்டு மீள்கின்றது. அந்நீட்சி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சுமைக்கேற்ற விகிதத்தில் நீட்சியும் அதிகரிக்கும் என்ற விதியை ரொபேட் ஹூக் 1678இல் விளக்கினார். மீள்தன்மை எல்லையைத் தாண்டினால் பொருள் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

எனினும், அவ்வெல்லைக்குள் அடங்கும் சுமையும் எப்போதும் பாதுகாப்பானதல்ல. அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றின் குறுக்கே 1928இல் திறக்கப்பட்ட சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15ஆம் திகதி மாலை வாகனங்களுடன் இடிந்து வீழ்ந்தது. 46 பேர் உயிரிழந்தனர். பாலத்தைத் தாங்கிய உருக்குச் சட்டங்களுள் ஒன்றின் துளையோரத்தில் இருந்த, சில மில்லிமீற்றர் ஆழமேயான வெடிப்பே காரணம் எனக் கண்டறியப்பட்டது. வெடிப்பின் கூரிய நுனியில் தகைப்பு பன்மடங்காகக் குவியும். துருவும் சேர்ந்துகொள்ள, வெடிப்பு மெல்ல வளர்ந்தது. ஓர் இணைப்புக்கு இரண்டு சட்டங்களே இருந்தமையால், ஒன்று முறிந்ததும் பாலம் முழுவதும் சரிந்தது.

இதன் பின்னரே, 1971இல், பாலங்களைக் காலமுறைப்படி பரிசோதிப்பதற்கான தேசிய விதிமுறைகள் அங்கு நடைமுறைக்கு வந்தன. திறப்பு விழாவில் காட்டும் அக்கறையைப் பராமரிப்பிலும் காட்டவேண்டும் என்பதே நாம் இதிலிருந்து கற்கவேண்டிய பாடமாகும்.