நாடுகாண் பயணங்களை நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

"இந்தியாவைக் கண்டுபிடித்தவர் யார்?" என்று கேட்டால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் தயக்கமின்றி "வாஸ்கோடகாமா" என்பார்கள். "அவர் கண்டுபிடிக்கும் வரை இங்கே யார் இருந்தார்கள்?" என்று அடுத்துக் கேட்டால் வகுப்பில் அமைதி நிலவும். அந்த அமைதியிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

1498 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து காமாவின் கப்பல்கள் புறப்பட்டன. அவ்வூர் மன்னர் தந்த வழிகாட்டி ஒருவர் உடன் வர, தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு 23 நாட்களில் அவை மலபார்க் கரையைக் கண்டன. திரும்பும்போது அத்தகைய வழிகாட்டி இல்லை. காற்றின் பருவத்துக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. பல் ஈறு வீங்கும் நோயால் பலர் மாண்டனர். இவ்விரு பயணங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் போதும்; துணிவு வேறு, அறிவு வேறு என்பதும், அரபிக் கடலின் வழிகள் அங்கு ஏற்கெனவே வாழ்ந்தோரின் கல்வியாக இருந்தன என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

அந்த வழிகாட்டி யார்? இங்கே நம்மவர்களே இடறிவிடுகிறோம். ஜுல்ஃபாரைச் சேர்ந்த மாபெரும் கடலியல் அறிஞர் அஹ்மத் இப்னு மாஜித்தான் அவர் என்று மேடைகளில் பெருமையோடு முழங்குகிறோம். 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த குத்புத்தீன் நஹ்ரவாலியின் வரலாற்று நூலில் வரும் ஒரு செய்தியே இதற்கு அடிப்படை. ஆனால் அவர் அதை எழுதியது நிகழ்ச்சி நடந்து பல பத்தாண்டுகளுக்குப் பின். போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர் பாரோஸோ அவ்வழிகாட்டியைக் குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிம் என்கிறார். இன்றைய ஆய்வாளர் பலரும் இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. இப்னு மாஜிதின் புகழுக்கு அக்கதை தேவையுமில்லை. 1490 வாக்கில் அவர் இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடலியல் நூலே போதிய சான்று. உறுதியற்ற பெருமையைப் பிள்ளைகளுக்கு ஊட்டினால், வளர்ந்தபின் அது பொய்யெனக் காணும்போது உறுதியானவற்றையும் அவர்கள் ஐயுறுவார்கள்.

பாரோஸ் அவ்வழிகாட்டிக்குத் தரும் பெயர் 'மாலெமோ கானா'. இதில் 'மாலெமோ' என்பது 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. முஅல்லிம் என்றால் ஆசிரியர். கடல் வழக்கில் கப்பலுக்கு வழிகாட்டுபவர். நம் தமிழிலுள்ள 'மாலுமி'யும் இச்சொல்லிலிருந்து வந்ததே.

நாடுகாண் காலத்தைக் காண நம் பிள்ளைகள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். மிளகும் கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தென்கிழக்காசியத் தீவுகளில் சோழமண்டலத் துணிகளுக்கே மதிப்பு மிகுதி. எனவே துணி வாங்க இங்கு வந்தார்கள். அன்று கப்பலேறிய துணியின் பெயர் இன்றும் வாழ்கிறது: மலேசியாவில் முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் கைலி 'காயின் பெலிக்கட்', பழவேற்காட்டுத் துணி என்பதே அதன் பொருள். டச்சுக்காரரோடு போட்டியிட இயலாத ஆங்கிலேயர் வேறிடம் தேடி 1639இல் சென்னையைப் பெற்றனர். 1825இல் பழவேற்காடும் அவர்கள் வசமாயிற்று.

இவ்வளவோடு நிறுத்தினால் பாடம் பாதியே. பஞ்சத்திலும் போரிலும் அகப்பட்ட ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, இதே கரையிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். 1502இல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலைக் காமா தீக்கிரையாக்கியதும் வரலாறே. மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இவற்றை மறைக்கலாகாது. அதே மூச்சில், அரபு வணிகரின் கப்பல்களும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறர் குற்றத்தை மட்டும் எண்ணுவது நீதியாகாது.

சிறு பிள்ளைகளுக்குக் கைவேலை ஒன்று உண்டு. சிறு அட்டையின் நடுவே துளையிட்டு நூல் கோத்து முடிச்சுகள் இடச் செய்யலாம். முடிச்சைப் பல்லில் கடித்து நூலை இழுத்துப் பிடித்து, அட்டையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்தினால் அதுவே அரபு மாலுமிகளின் 'கமால்'. சோழமண்டலக் கரை மாலுமிகளும் இத்தகைய கருவியைக் கையாண்டதை 1850இல் ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் வடக்கு நோக்கி நின்றால் அந்நட்சத்திரம் ஏறத்தாழ 13 பாகை உயரத்தில் தெரியும். தெற்கே செல்லச் செல்ல அது தாழும். அத்தாழ்வைக் கொண்டே துறைமுகத்தை அறிந்தார்கள்.

மேல்வகுப்பினருக்கு இலங்கையின் காலிக் கல்வெட்டைக் காட்டலாம். சீன முஸ்லிம் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த அது, 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அமைந்தது. காமா வருவதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் ஒரு கடல்வழி மொழியாய் இருந்ததற்கு அக்கல் சாட்சி.

அந்த ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்பட்டது. ஆலைகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகளும் நாளை எங்கோ புறப்படக் கூடும். காமாவின் பெயரை உலகம் அறியும். அவரைக் கரைசேர்த்தவர் வரலாற்றில் வெறும் 'ஆசிரியர்' என்றே நிற்கிறார். அப்பெயரைத் தாங்கும் நாம், உண்மையான திசையைக் காட்டக் கடமைப்பட்டுள்ளோம்.