மீன் முளையமும் இருவகை நஞ்சும்

நீரிற் கலக்கும் நஞ்சுகள் தனித்து வருவது அரிது. யுரேனியச் சுரங்கங்களினின்று வழியும் நீரிற் கதிர்வீசலும் நச்சுலோகங்களும் ஒருங்கே காணப்படும். யுரேனியமோ தானே உலோகமாகவும் கதிர்வீசும் பொருளாகவும் அமைந்து, இருவழியாலும் ஊறு செய்ய வல்லது. இக்கூட்டுத் தாக்கத்தை அறிய முற்பட்ட ஆய்வாளர் பலர், கங்கை, பிரமபுத்திரா வடிநிலங்களுக்குரிய வரிக்குதிரைமீனின் முட்டையைத் தெரிந்துகொண்டனர். அது கண்ணாடிபோலத் தெளிந்தது. கருக்கட்டி ஏறத்தாழ 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குவதையும், 3 நாளளவிற் குஞ்சு வெளிவருவதையும் நுணுக்குக்காட்டியூடாகக் காணலாம்.

கதிர்கள் கலத்தின் பரம்பரைப் பொருளை முறிக்கின்றன; கலத்திலுள்ள நீரைச் சிதைத்து, தாக்குதிறன் மிக்க ஒட்சிசன் கூறுகளையும் தோற்றுவிக்கின்றன. அக்கூறுகளை அடக்குவனவற்றுள் குளுதாதயோன் என்னும் காவற்பொருள் முதன்மையானது. கட்மியம் என்னும் உலோகம் அக்காவற்பொருளைப் பற்றிக் குறைக்கின்றது. முறிவைச் செப்பனிடும் புரதங்களின் தொழிலையும் தடுக்கின்றது. ஒன்று வீட்டை இடிக்க, மற்றையது கொத்தனைக் கட்டிவைப்பதை இஃது ஒக்கும்.

எனினும், கூட்டு எப்போதும் கேட்டைப் பெருக்குமென்பதில்லை. சிற்றளவு உலோகம் பட்ட கலம், அதனைப் பிணிக்கும் மெற்றலோதயோனீன் என்னும் புரதத்தை மிகுதியாக ஆக்கும். அப்புரதம் ஒட்சிசன் கூறுகளையும் ஓரளவு அடக்குதலால், கதிரின் ஊறு தணிதலும் கூடும். நஞ்சுகளின் அளவும், அவை வந்த முறையும், முளையத்தின் பருவமுமே விளைவைத் தீர்மானிப்பன.

ஆகவே, ஒவ்வொரு நஞ்சுக்கும் தனித்தனி எல்லை வகுத்து, அவ்வெல்லை மீறாத நீரெல்லாம் தீங்கற்றதெனக் கொள்ளுதல் போதாது. முளையத்தை வந்தடைவது அவற்றின் கூட்டே. ஆராய்ந்து அளவிடப்படவேண்டியதும் அதுவே.