புத்தகத்தைப் படித்து வேலை செய்யும் கணினி

ராத்திரி பதினொன்றரை. டெர்மினலில் ‘மேக்’ என்று தட்டி எண்டரை அழுத்தியாயிற்று. இனி எனக்கு வேலையில்லை, போய்ப் படுக்கலாம். தூக்கம் வந்தால்தானே!

சோர்ஸ் கோடை இறக்கி, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி, நமக்கே நமக்கென்று ஒரு லினக்ஸைக் கட்டச் சொல்லித்தரும் புத்தகம் ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்’. 1999-இல் கெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிவைத்தது. முதல் தடவை நானும் கையால்தான் கட்டினேன். இரண்டாம் தடவைக்கு விரல்கள் மறுத்துவிட்டன. அப்போது அகப்பட்டதுதான், இந்தக் கட்டுமானத்தைத் தானாகவே செய்யும் ‘ஜேஹால்ஃப்ஸ்’ என்ற கருவி. ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்தும் அதைத் தொடங்கிய ஜெரமி ஹன்ட்வொர்க்கின் இனிஷியல்.

திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். அடடா! எந்த பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று இதற்கு ஒன்றுமே தெரியாது. புத்தகத்தைத்தான் அது படிக்கிறது! புத்தகம் எக்ஸ்.எம்.எல்லில் எழுதப்பட்டது. ஒவ்வொரு கட்டளையும் ‘யூசர்இன்புட்’ என்ற டேகுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பல டேகுகளின் ஓரத்தில் ‘ரீமேப்’ என்று ஒரு குறிப்பு வேறு: இது டெஸ்ட், இது இன்ஸ்டால். படிக்கிற மனிதர் கண்ணில் படவே படாத ரகசிய ஜாடை! டெஸ்ட் வேண்டாமென்றால் அந்த ஜாடையைப் பார்த்து அது தாண்டிப் போய்விடும். இப்படிப் பொறுக்கிய கட்டளைகள் குட்டிக் குட்டி ஸ்கிரிப்டுகளாகி, ஒரே மேக்ஃபைலில் கோக்கப்படுகின்றன. இந்தப் புத்தகத்தில் அச்சுப்பிழை விழுந்தால் கணினியே படுத்துவிடும்.

முதல் ஆட்டம் பைன்யூட்டில்ஸ். அதைக் கட்ட என் மெஷினுக்கு ஆகும் நேரம்தான் 1 எஸ்.பி.யூ. மற்ற பேக்கேஜ்களின் நேரத்தையெல்லாம் புத்தகம் இந்தப் படியால்தான் அளக்கிறது. ஜி.சி.சி என்ற கம்பைலர் மூன்று தடவை மேடையேறும். பழைய லினக்ஸின் கம்பைலர் முதல் ஜி.சி.சியைக் கட்ட, அது இரண்டாவதைக் கட்ட, அந்த இரண்டாவது, புது லினக்ஸைத் தனியே அடைத்துவைக்கும் சி.எச்.ரூட்டுக்குள் குடிபோய் மூன்றாவதைக் கட்டுகிறது. கையால் கட்டுபவர்கள் அங்கே நுழைந்ததும் பாஷ் ப்ராம்ப்ட் ‘எனக்குப் பெயரே இல்லை!’ என்று அலறும். பயனர் பட்டியல் ஃபைல் இன்னும் பிறக்காததால் வரும் அலறல். ஜேஹால்ஃப்ஸ் வழியில் அந்தக் காட்சி கிடையாது; எனக்கு அது ஒன்றுதான் குறை.

இரண்டு மணிக்கு எல்லாம் நின்றது. லாகைத் திறந்தால் கடைசி வரி: டிஸ்கில் இடமில்லை. என் கஞ்சத்தனம்தான். பார்ட்டிஷனைப் பெரிதாக்கி மறுபடி ‘மேக்’. முடிந்த வேலை ஒவ்வொன்றும் தன் பெயரில் ஒரு வெற்று ஃபைலை விட்டுப்போயிருக்க, அறுந்த இடத்திலிருந்தே ஓடியது. ஆனந்தத்தில் பக்கத்து அறைக்காரரை எழுப்பிக் காட்டினேன். பாவம், அவர் கணக்கு ஆசிரியர்.

பூட்லோடரான கிரப்பை அமைப்பதையும் ரூட் பாஸ்வேர்டையும் ஜேஹால்ஃப்ஸ் தொடாது. விடிந்தபின் அவற்றை நானே முடித்து ரீபூட் செய்தேன். கறுப்புத் திரையில் வரிகள் ஓடி ஓய்ந்தன. கடைசியில் ‘லாகின்:’ என்று ஒற்றைச் சொல். பக்கத்தில் மினுக்கும் கர்சர்.